பாட்டில் கழுவிக் கொடுத்தவர்

6 ஜூலை 2025, ஞாயிறு

காலையிலிருந்து விடாத மழை. வீட்டுக்காரருக்கு இன்று பஸ் டூட்டி இல்லை, இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார். நான் பாத்திரம் கழுவுகிற மோரி ஓரத்தில் உட்கார்ந்து பாட்டில் வெட்டினேன். இன்றைக்குத்தான் ஒன்று ஒழுங்காக வந்தது. இதற்கு முன் செய்ததெல்லாம் பாழ்.

செல்போனில் பார்த்துக் கற்றதுதான். வெட்டுச் சக்கரத்தை வைத்துப் பாட்டிலை ஒரே ஒரு சுற்று சுற்ற வேண்டும். போட்ட கோட்டின் மேல் மறுபடி போகக்கூடாது. போனால் எங்கே விரியும் என்று அந்த ஆண்டவனுக்கே தெரியாது. அப்புறம் கோட்டின் மேல் கொதிக்கிற தண்ணீர், உடனே பச்சைத் தண்ணீர், மறுபடியும் கொதிக்கிற தண்ணீர். டிக் என்று ஒரு சத்தம். தலை வேறு, உடம்பு வேறு. விளிம்பைத் தண்ணீர் தொட்டுத் தொட்டு உப்புத்தாளில் தேய்த்தால் கையைக் கிழிக்காது. உள்ளே ஒரு அகலை வைத்துவிட்டால் காற்றுக்கு அணையாத விளக்கு.

எதற்கு இந்தக் கூத்து என்று யாராவது கேட்டால் கைவேலை, பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். இங்கே எதற்குப் பொய். பரண் மேல் கோணிச்சாக்கு நிறைய அவருடைய பாட்டில்கள் கிடக்கின்றன. தை மாதம் மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாரே, அதற்கு முன்னால் குடித்துக் குடித்து ஒளித்து வைத்தவை. இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் ஈரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றோடு நிறுத்திவிட்டார், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தச் சாக்கு? பழைய சாமான் வாங்குகிற பங்கார்காரனிடம் போட வேண்டுமென்றால் கல்லிச் சந்து முழுக்கத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். தாராவியில் நம் ஊர்க்காரர்கள் இல்லாத வாசல் எது? வெட்டி விளக்காக்கிவிட்டால் அது பாட்டில் இல்லை. என் மூளை இப்படித்தான் வேலை செய்கிறது.

9 ஜூலை

விரலில் வெட்டு. வேலை பார்க்கிற கடையில் கேட்டார்கள். வாழைக்காய் சீவினேன் என்று சொன்னேன்.

20 ஜூலை, ஞாயிறு

நேற்று ஒரு விளக்கைக் கடைக்கு எடுத்துப் போனேன். மாட்டுங்காவில் நான் வேலை பார்க்கிற பூஜை சாமான் கடை பானுமதி மாமியுடையது. மழைக்காற்றில் சாமி படத்துக்கு முன் விளக்கு நிற்பதே இல்லை, அதற்காகத்தான் எடுத்துப் போனேன். வேறு எண்ணம் இல்லை. கொஞ்சம் இருந்திருக்கலாம்.

மாமி அதை வாசல் வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத எங்கேடி வாங்கினே?"

"நானே செஞ்சது மாமி."

"நீயா? பொய் சொல்லாதே." அப்புறம் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மழமழன்னு இருக்கு. உன் கைல இவ்வளவு நாசூக்கு இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். "பாட்டிலுக்கு எங்கே போறே?"

"பங்கார்ல வாங்குறேன் மாமி."

கண்ணைக்கூட இமைக்காமல் சொன்னேன். முழுப் பூசணிக்காய், ஒரு கவளம் சோறு.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் கையைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை இதுவரை யாரும் சொன்னதில்லை. அம்பர்நாத்தில் இருக்கிற மகள் கலைச்செல்வி போட்டோவை வாங்கி ஸ்டேட்டஸில் போட்டாள், 'எங்க அம்மா செஞ்சது' என்று. அதை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அந்தப் பாட்டிலில் அவள் அப்பா என்ன குடித்தார் என்று எனக்குத் தெரியும். ஓல்டு ரம். கலைச்செல்வி சீமந்தத்துக்கு முந்தின வாரம்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

பரண் காலியாகிவிட்டது. சாக்கை உதறி மடித்து வைத்தேன். இதோடு விட்டிருக்கலாம். எதற்காக ஆரம்பித்தேனோ அது முடிந்துவிட்டது அல்லவா?

ஆனால் மாமி கொலுவுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். அவர் வீட்டு நவராத்திரிக்கு வருகிற அத்தனை பெண்களுக்கும் வெற்றிலை பாக்கோடு ஒரு விளக்கு. மாமியின் ஓர்ப்படி வீட்டுக்கும் சேர்த்து. "ஸ்டீல் டப்பாவும் பிளாஸ்டிக் கிண்ணமும் கொடுத்துக் கொடுத்து அலுத்துப் போச்சுடி. உன்னோடது கொடுத்தா நாலு பேர் கேப்பா, யார் பண்ணினான்னு." நாலு பேர் கேட்பார்கள். அந்த ஒரு சொல்லுக்காக நான் மூலையில் இருக்கிற பாருக்குப் போய் நின்றேன். வாசலில் இல்லை, பின்பக்கம். அங்கே வேலை செய்கிற ரோஷன் ஒரு சாக்கு கொண்டுவந்து கொடுத்தான். "நல்லா கழுவிக்கோங்க பாபி, சிலதுல கொஞ்சம் கொஞ்சம் மிச்சம் கெடக்கும்" என்று அண்ணி முறை வைத்து இந்தியில் சொன்னான்.

நான் கழுவவில்லை. அவசரம். கோடு போட்டுக் கொதிக்கிற தண்ணீரை விட்டேன். கண்ணாடி சூடானதும் அடியில் கிடந்த மிச்சமும் சூடாகி, இந்தப் பத்தடி ரூமில் ஆவியாக ஏறிவிட்டது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதித் தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

"மழையில எங்க போறிய?"

"காத்துக்கு."

எட்டிப் பார்த்தேன், எதிரே மளிகைக் கடைத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார். எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். புரிந்த பிறகும் இன்னும் இரண்டு பாட்டில் வெட்டினேன்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று நடந்ததை எங்காவது எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

மோரியில் சாக்கைப் பிரித்து உட்கார்ந்தேன். அவர் வந்து பக்கத்தில் குத்தவைத்தார். "தள்ளு ஏட்டி. நான் கழுவித் தாரேன். நீ வெட்டுத வேலையப் பாரு."

காபி குடித்த டம்ளரை உட்கார்ந்த இடத்திலேயே விட்டுவிட்டு எழுந்து போகிற மனுசன். அவர் அப்பா, சித்தப்பா, அண்ணன், எல்லாரும் அந்த ரகம்தான். நம்ம ஆட்களில் ஆம்பிளை ஏனம் கழுவ உட்கார்ந்தால் வீட்டில் பொம்பிளை செத்துப்போனாள் என்று அர்த்தம் என்பார் என் மாமியார். இவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பாட்டிலாக மூடியைத் திறந்து, சோப்புத் தண்ணீர் விட்டுக் குலுக்கி, லேபிளைச் சுரண்டி, சுவரோரம் வரிசையாகக் கவிழ்த்து வைத்தார். எதிர்வீட்டு முப்பிடாதியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னய்யா மாரிக்கண்ணா, பொண்டாட்டிகிட்ட வேலைக்குச் சேந்தாச்சா? சம்பளம் உண்டா, இல்ல சோறு மட்டுந்தானா?" என்றாள். அவர் சிரித்தார். கோபப்படவில்லை. சிரித்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. போன வாரம் நடந்ததுக்கு அப்புறம் ரோஷனை நிறுத்தச் சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன அர்த்தம்? வாடை இவரை இப்போது ஒன்றும் செய்வதில்லை என்றுதானே அர்த்தம். கடையிலும் சொல்ல வேண்டும், எங்கள் வீட்டுக்காரர் எனக்குப் பாட்டில் கழுவித் தருகிறார் என்று.

11 ஆகஸ்ட்

சொன்னேன். மாமி, "அடி அதிர்ஷ்டக்காரி" என்றார்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

இன்றும் கழுவினார். சாக்கு வர நேரமானால் அவரே பாருக்குப் போய்த் தூக்கி வந்துவிடுகிறார். நடுவாரத்தில்கூட டூட்டி விட்டு வந்ததும் உட்கார்ந்துவிடுகிறார். பக்கத்தில் செம்பில் தண்ணீர், தாகம் எடுக்கிறதாம்.

படுக்கையில் வாடை. பாட்டில் கழுவின கை அப்படித்தான் இருக்கும். என் கையும்தான் நாறுகிறது.

31 ஆகஸ்ட், ஞாயிறு

ராபியாவோடு சண்டை. சண்டை என்றால் கத்தவில்லை, அதைவிட மோசம்.

எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரு தகரம்தான். துணி காயப் போடும்போது பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "ஏளா கோகிலா, ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாத. வாடை ஒங்க மோரியில இருந்து மட்டும் வரல. மாரியண்ணன் இப்ப எங்க வாசல்ல நின்னு பேசிட்டுப் போனாவ. வாயில இருந்து வருது."

எனக்குச் சுருக்கென்றது. "ஒங்க வீட்டுல யாரும் தொடுறதே இல்ல. எது எந்த வாடைன்னு ஒனக்கு என்ன தெரியும்?"

அவள் முகம் சுண்டிப் போயிற்று. "தொடாதவளுக்குத்தான் சட்டுனு தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவளுக்குப் பொறாமை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எதற்குப் பொறாமை? அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்கு வேளாவேளைக்குச் சோறு கொண்டுவந்தவள் அவள். கேட்க வேண்டியதை இவரிடம் கேட்கத் துப்பில்லாமல் அவளிடம் பாய்ந்திருக்கிறேன்.

7 செப்டம்பர், ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். சொல்ல ஆள் கிடையாது, ஒருத்தி இருந்தாள், அவளையும் விரட்டியாயிற்று.

இன்றைக்குக் கிரகணம். இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்று அடுப்படியில் பறந்துகொண்டிருந்தேன். கழுவிக்கொண்டிருந்தவர் பீடி வாங்க எழுந்து போனார். எனக்குத் தொண்டை வறண்டது. குடம் உள்ளே இருந்தது, அவர் செம்பு கைக்கெட்டுகிற இடத்தில் இருந்தது. எடுத்து அண்ணாந்து ஊற்றினேன். அண்ணாந்து குடிப்பதில் இது ஒன்று, என்னவென்று நாக்குக்குத் தெரிவதற்குள் தொண்டைக்குள் போய்விடுகிறது.

எரிந்தது. மூக்கில் ஏறியது. ரம், பிராந்தி, பியர், இன்னும் என்னென்னவோ, எல்லாம் கலந்த ஒரு தண்ணீர். கழுவுவதற்கு முன் ஒவ்வொரு பாட்டிலையும் செம்பில் கவிழ்த்திருக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக. யார் யாரோ குடித்துவிட்டு வைத்த எச்சில். எத்தனை வாரமாக? முதல் நாளிலிருந்தேவா? முப்பிடாதியம்மாள் கேலி செய்தபோது சிரித்தாரே, அப்போதுமா?

அதிர்ஷ்டக்காரி. கேட்டுக்கோ.

அதற்கப்புறம் நான் செய்ததைக் கேட்டால் காறித் துப்புவார்கள். செம்பை இருந்த இடத்திலேயே வைத்தேன். குறைந்தது தெரியக்கூடாது என்று கொஞ்சம் தண்ணீரும் விட்டு வைத்தேன். அவர் வந்தார், உட்கார்ந்தார், அண்ணாந்து குடித்தார். நான் தலை குனிந்து உப்புத்தாளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் கேட்கவில்லை? கொலுவுக்கு இன்னும் பாதி செய்ய வேண்டியிருக்கிறது, அதற்காகவா? இல்லை, கேட்டால் இனிமேல் பக்கத்தில் வந்து உட்கார மாட்டார் என்றா? எதுவென்று எனக்கே தெரியவில்லை. இரண்டுமே அசிங்கம்தான்.

8 செப்டம்பர்

டூட்டிக்குப் போய்விட்டார். கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், நாளும் விடியற்காலையில் டிப்போவில் குடித்திருக்கிறாரா என்று பார்க்கிற மிஷினில் ஊதிக் காட்டிய பிறகுதான் சாவி. ஊதியிருப்பார், பச்சை காட்டியிருக்கும். இல்லாவிட்டால் இந்நேரம் வீட்டுக்கு வந்திருப்பார்.

செம்பூரில் ஆள் ஏறும். மான்குர்தில் ஏறும். அம்பர்நாத் கம்பெனி வரை அத்தனை பேரும் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு போவார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். "நம்பித் தூங்குறானுவ" என்பார், பெருமையாக.

12 செப்டம்பர், வெள்ளி

மிஷின் பிடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை என்றால் கடையை விடியும்போதே திறப்பார்கள், நடந்து போகும்போது பாலத்தின் மேல் போன் வந்தது. டிப்போ சூப்பர்வைசர் ஜெயராம் அண்ணன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, யாரும் வேலை கொடுக்காதபோது, இவரை நம்பித் திரும்பச் சேர்த்துக்கொண்ட மனுசன்.

"அக்கா, மாரி ஊதினான், மிஷின் சிவப்பு காட்டுது. கேட்டா, வீட்டுல பாட்டில் கழுவுற வேலை நடக்குது, பூரா அந்த வாசனையிலதான் இருக்கேன்ங்குறான். சச் ஹை க்யா, நெசந்தானா? நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நம்புறேன்."

போனில் பின்னால் அவர் செருமுவது கேட்டது. என் பதிலுக்காக நிற்கிறார் என்று தெரிந்தது.

"ஆமாண்ணே. நான்தான் கழுவச் சொன்னேன். கொலு ஆர்டர்."

"அப்படியா. சரி. இன்னைக்கு வண்டி தர முடியாது, ரூல் ரூல்தான். நாளைக்கு வரச் சொல்லுறேன். அந்த வேலைய நீங்களே செஞ்சுக்கோங்கக்கா, அவன கைவைக்க விடாதீங்க."

ஆமாண்ணே என்றேன். இரண்டு தடவை சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை. என் வாய்க்குப் பொய் சொல்ல யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, வாழைக்காயில் ஆரம்பித்து இங்கே வந்து நிற்கிறது. தவிட்டுக்கு வந்த கை தங்கத்துக்கும் வரும் என்று சும்மாவா சொன்னார்கள்.

14 செப்டம்பர், ஞாயிறு

அவர் சந்தோஷமாக இருக்கிறார். அதுதான் தாங்க முடியவில்லை.

ஒரு லேபிளைச் சுரண்டிக்கொண்டே, மழை நின்றுவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார். "ஜெயராம்ட்ட நீ சொன்னது கணக்கா இருந்துச்சு. இனிமே மிஷின் கத்துனாலும் பாட்டில் வாடைன்னுதான் நெனப்பான்."

கையிலிருந்ததைக் கீழே வைத்தேன். "செம்புல என்ன?"

"தண்ணி."

"நான் குடிச்சேன். போன ஞாயித்துக்கிழமை."

சுரண்டுவது நின்றது. அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, கோபமே இல்லாமல் சொன்னார். "நான் தேடிப் போகலியேட்டி. பாருக்கு முன்னால நடந்தாக்கூட எதிர்ப்பக்கம்தான் நடந்தேன். நீதான கொண்டாந்து வீட்டுக்குள்ள வச்ச."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் நான். இல்லை, என் மடியில்கூட இல்லை, அவர் மடியில். அன்றைக்குத் தாழ்வாரத்தில் மழையில் போய் நின்றாரே, அதுதான் அவர் என்னிடம் கேட்டது. வாய் திறந்து கேட்கத் தெரியாது அவருக்கு. நான் இன்னும் இரண்டு பாட்டில் வெட்டினேன்.

வாய் கூசாமல் சொல்கிறேன், நாலு பேர் என் பெயரைச் சொல்ல வேண்டும் என்று இந்த மனுசனை விற்றுவிட்டேன்.

15 செப்டம்பர்

வண்டி எடுத்துப் போனார். கடையில் போன் அடிக்கும்போதெல்லாம் ஜெயராம் அண்ணனோ என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். மாமி, "என்னடி, பேய் அறைஞ்சாப்ல இருக்கே" என்றார்.

வந்ததும் நேராக மோரிக்குப் போய் உட்கார்ந்தார். அங்கே சாக்கு இல்லை, நான் காலையிலேயே பாருக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது தகரத்துக்கு அந்தப் பக்கம் ராபியாவுக்குக்கூட வாடை போயிருக்கும். இப்போது எதிர்ப்பக்கம் நடப்பதில்லை.

16 செப்டம்பர், செவ்வாய்

அவர் கிளம்பிப் போனதும் ராபியா வீட்டு வாசலில் போய் நின்றேன். அப்போதுதான் தொழுது முடித்து எழுந்திருந்தாள். "அன்னைக்கு நான் பேசினது—" என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் கெடக்கட்டும். இப்ப எங்க போணும்?" என்றாள். சொன்னேன். புர்காவை எடுத்து மாட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டாள். சயான் வரை நடந்தோம், அங்கே ஆட்டோ கிடைத்தது. வழியெல்லாம் என் கையைப் பிடித்திருந்தாள்.

டிப்போவில் பஸ் புறப்பட நின்றது. உள்ளே ஆள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் டிரைவர் சீட்டில். ஜெயராம் அண்ணன் என்னைப் பார்த்ததும் பதறிப்போய், "என்னக்கா, வீட்டுல ஏதும்—" என்றார்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை நான் போன்ல சொன்னது பொய். வாசனை இல்ல. இவிய குடிக்காவ. நேத்தும் குடிச்சாவ."

"அக்கா, இன்னைக்கு ஊதினான். பாஸ் ஆயிருச்சே."

"இன்னைக்கு பாஸ் ஆயிருக்கும். நாளைக்கும் ஆவும். என்னைக்கு ஆவாதோ அன்னைக்கு நீங்க எனக்குப் போன் போடுவிய, நானும் ஆமாண்ணேன்னு சொல்லிருவேன். எனக்கு என் மேல நம்பிக்கை இல்லண்ணே. வண்டிய குடுக்காதிய."

சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன் போல. டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் ஜன்னலில் ஒரு பெண், இட்லி டப்பாவைத் திறந்த கையோடு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் இறங்கினார். சாவியை ஜெயராம் அண்ணன் கையில் கொடுத்தார். என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது சட்டை என் கையில் உரசியது, முகத்தைப் பார்க்கவில்லை. ரோட்டில் இறங்கி நடந்து போய்விட்டார். இத்தனை வருஷம் கல்லியில் நாலு பேருக்குத் தெரியாமல் பொத்திப் பொத்தி வைத்த மானத்தை டிப்போ நடுவில் நானே கொட்டிவிட்டு வந்தேன். சரிதான் செய்தேன். சரி என்று தெரிந்தும் உடம்பு கூசிக்கொண்டே இருக்கிறது, ஏன்? அன்றைக்கு மழையில் நின்று அவர் வாய் திறக்காமல் கேட்டதற்குக் காது கொடுத்திருந்தால் இந்தக் காலை வந்தே இருக்காதே, அதனால்தான்.

19 செப்டம்பர்

மாமியிடம் போய் ஆர்டர் முடியாது என்றேன். "கொலுவுக்கு ரெண்டு நாள் வெச்சுண்டு இப்போ வந்து சொல்றியே, நான் எல்லார்கிட்டேயும் சொல்லி வெச்சிருக்கேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். காரணம் கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன்.

அங்கேயும் ஒரு பொய். நாக்கு பழகிவிட்டது.

செய்து முடித்ததை எல்லாம் கோணியில் கட்டிப் பகலிலேயே பங்கார்காரனிடம் போட்டேன். வெட்டின கண்ணாடியை யாரும் எடுக்க மாட்டார்கள், மூக்கைச் சுளித்துக்கொண்டு ஓசிக்கு வாங்கிக்கொண்டான்.

2 அக்டோபர்

என்னோடு பேசுவதில்லை. சோறு வைத்தால் சாப்பிடுகிறார். "தண்ணி" என்கிறார், சுவரைப் பார்த்து.

கலைச்செல்வி போனில் அழுதாள். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?" விளக்குப் போட்டோவை ஸ்டேட்டஸில் போட்டவளிடம் எப்படிச் சொல்வது.

11 அக்டோபர், சனி

ஜெயராம் அண்ணன் வீட்டுக்கே வந்தார். டிப்போவில் டயர் கழற்றி மாட்டுகிற வேலை இருக்கிறதாம். குடியை விட நினைக்கிறவர்கள் சயானில் ஒரு பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் கூடுவார்களாம், அங்கே போனால் இந்த வேலை. வண்டியைப் பற்றி இப்போது பேச்சே கிடையாது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டீ போடுகிற சாக்கில் உள்ளேயே நின்றேன். என்ன பதில் சொன்னார் என்று காதில் விழவில்லை.

13 அக்டோபர்

கூட்டத்துக்குப் போயிருக்கிறார்.

26 அக்டோபர், ஞாயிறு

போன வாரம் தீபாவளிக்கு இரண்டு நாள் போகவில்லை. ஒரு நாள் வாடையோடு வந்தார். ஒளிக்கவில்லை. நானும் தெரியாத மாதிரி நடிக்கவில்லை. "குடிச்சிருக்கிய" என்றேன். "ஆமா" என்றார். எங்களுக்குள் இப்படி இரண்டு வார்த்தை உண்மையாகப் பேசி எவ்வளவு காலம் ஆயிற்று.

மறுநாள் கூட்டத்துக்குப் போனார்.

14 நவம்பர், வெள்ளி

கடையிலிருந்து வர நேரமாகிவிட்டது. கல்லியில் திரும்பினால் அவர் ராபியா வீட்டு வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறார். டிப்போ எண்ணெய் படிந்த சட்டையைக்கூட மாற்றவில்லை. பக்கத்தில் குடித்து முடித்த டீ கிளாஸ்.

"ஏன் இங்க உக்காந்திருக்கிய? சாவியத் தொலைச்சுட்டியளா?"

அவர் எங்கள் கதவைக் காட்டினார். பூட்டில் பாட்டில் நிறைந்த ஒரு பெரிய பை தொங்கியது. ரோஷன் ஊருக்குப் போயிருந்தவன், நான் நிறுத்தினது தெரியாது, பழைய வழக்கப்படி கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

ராபியா உள்ளேயிருந்து வந்தாள். "சாயங்காலம் அஸர் பாங்கு சொன்னதுல இருந்து இங்கதான் இருக்காவ. நான் எடுத்துப் போடுதேன்னு சொன்னேன், வேண்டாம், கோகிலா வரட்டும்னுட்டாவ."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். டிப்போவுக்கு அப்புறம் முகத்தைப் பார்த்தது இன்றைக்குத்தான். "நீ எடுத்துட்டுப் போ. நான் தொட்டா..." என்றார். முடிக்கவில்லை. இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

பையைக் கழற்றினேன். பாரின் பின்பக்கம் போய் ரோஷனைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "ஏன் பாபி, போதுமா, ஆர்டர் இல்லையா?" என்றான். "என் வீட்டுக்காரர் குடிக்கிறவர். இனிமே எங்க வாசலுக்குக் கொண்டு வராதே" என்றேன். இந்தியில் சொன்னேன், பக்கத்தில் நின்றவர்களும் கேட்டார்கள். கூசத்தான் செய்தது.

திரும்பி வந்தேன். இன்னும் அதே படியில்தான் இருந்தார். என் இரண்டு கையும் வெறுமையாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் எழுந்தார். சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துக் கதவைத் திறந்தார்.